அறுநூறு டிகிரி

கல்லூரிக் கடைசி வருடத்தில் நான் செய்த ப்ராஜெக்ட்டுக்கு மூன்று பொருட்கள் போதுமாக இருந்தன. மெட்டலர்ஜி லேபில் கிடந்த ஒரு பழைய மின் உலை, நான்கு தசம இடம்வரை காட்டும் தராசு, தபால்தலை அளவுக்கு வெட்டிய டைட்டானியத் தகடுகள் சில. தகட்டை 850 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை இடுக்கியால் எடுத்து, ஆறவிட்டு, எடை போட வேண்டும். கூடிய எடைதான் காற்றிலிருந்து உலோகம் பிடித்துக்கொண்ட ஆக்ஸிஜன். அவ்ளோதான் ப்ராஜெக்ட்.

முதல் தகட்டை வெளியே எடுத்தபோது ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்ந்தது. ஆற ஆற அதிலிருந்து 'டிக், டிக்' என்று சத்தம் வர ஆரம்பித்தது. வெளிர்மஞ்சள் நிறத்தில் ஓடு ஓடாக ஏதோ உரிந்து தெறித்தது. உரிந்ததையும் சேர்த்துத்தான் எடை போட வேண்டும் என்பதால் நானும் என் நண்பனும் தரையில் தவழ்ந்து பொறுக்கினோம். எல்லாம் முடிந்தபின் ஒரு தகட்டை உப்புத்தாள் வைத்துத் தேய்த்தேன். உள்ளே பளபளவென்று உலோகம். எண்கள் கைவசம், வரைபடம் தயார், மறுநாள் சமர்ப்பிக்க வேண்டும். ரிப்போர்ட்டில் இப்படி ஒரு வரி எழுதினேன்: மேலடுக்கைத் தவிர உள்ளிருக்கும் உலோகம் பாதிக்கப்படவில்லை.

லேபைப் பூட்ட வந்த அண்ணன், இருபது வருடமாக அந்த உலையோடு வாழ்பவர், தகட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, இத வைஸ்ல வெச்சு ஒருதடவ வளைச்சுப் பாருங்க. பாக்க நல்லாத்தான் இருக்கும்" என்றார். மணி ஏழு. பைண்டிங் கடை மூடிவிடும். நான் வளைத்துப் பார்க்கவில்லை. வைவாவில் யாரும் கேட்கவும் இல்லை. அந்தத் தகடு என் ஜியோமெட்ரி பாக்ஸுக்குப் போனது, நான் சாஃப்ட்வேர் வேலைக்குப் போனேன்.

அந்த வரி தப்பு என்று எனக்குத் தெரியவந்தது பல வருடங்கள் கழித்து, வேறெதற்கோ டைட்டானியத்தின் வரலாற்றைப் படிக்கும்போதுதான். படிக்கப் படிக்க ஒரு அற்ப ஆறுதலும் கிடைத்தது. இதே தப்பைச் செய்த பெரிய மனிதர்களின் வரிசை ரொம்ப நீளம்.

டைட்டானியம் என்ற தனிமம் இருப்பது 1791-லேயே தெரிந்துவிட்டது. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில், மனாக்கன் என்ற ஊர்ப்பக்கத்து ஓடையில் கிடந்த கரிய மணலை வில்லியம் கிரெகர் என்ற பாதிரியார் ஆராய்ந்தார். காந்தம் அதை இழுத்தது. இரும்பைப் பிரித்தபின் மிஞ்சியது அதுவரை யாருக்கும் தெரியாத ஒரு உலோகத்தின் ஆக்ஸைடு. நான்கு வருடம் கழித்து பெர்லினில் கிளாப்ரோத் தனியாக அதையே கண்டுபிடித்து, கிரேக்கப் புராணத்து டைட்டன்களின் பெயரை வைத்தார். கண்டுபிடித்தவை எல்லாம் ஆக்ஸைடுதான் என்பதைக் கவனியுங்கள். உலோகத்தை யாரும் பார்க்கவில்லை.

பார்த்ததாக நினைத்தவர்கள் உண்டு. 1820-களில் வேல்ஸின் இரும்பு உலைகளில் கழிவாக வந்த கசடுக்குள் செம்பு நிறத்தில் பளபளக்கும் சின்னச் சின்னக் கனசதுரங்கள் கிடைத்தன. வில்லியம் ஹைட் வொலாஸ்டன் சாதாரண ஆள் இல்லை, பலேடியத்தையும் ரோடியத்தையும் கண்டுபிடித்தவர். அவரே ஆராய்ந்துவிட்டு, இதுதான் டைட்டானிய உலோகம் என்றார். கால் நூற்றாண்டு அது அப்படியே நின்றது. 1849-இல் ஃபிரெட்ரிக் வோலர் அந்தப் படிகங்களுக்குள் நைட்ரஜனும் கார்பனும் இருப்பதைக் காட்டினார். பளபளத்தது உலோகமே இல்லை, ஒரு சேர்மம்.

பிறகு ஆளாளுக்கு முயன்றார்கள். 1887-இல் ஸ்வீடனில் நில்சனும் பெட்டர்சனும் 95 சதவீத அளவுக்கு வந்தார்கள். ஹென்றி மொய்சான் தன் மின்வில் உலையில் 98 சதவீதத்தை எட்டினார். எல்லோருக்கும் கிடைத்தது கடினமான, தட்டினால் நொறுங்குகிற ஒரு பொருள். ஆகவே டைட்டானியம் என்பது இயல்பிலேயே நொறுங்கும் உலோகம் என்ற எண்ணம் நிலைத்துவிட்டது. உண்மையில் அவர்கள் விவரித்தது டைட்டானியத்தின் குணத்தை இல்லை. அந்த மிச்சம் இரண்டு, ஐந்து சதவீதத்தில் கரைந்திருந்த ஆக்ஸிஜன், நைட்ரஜன், கார்பனின் குணத்தை. பார்வைக்கு உலோகம் மாதிரியே இருக்கும், பளபளக்கும், மின்சாரமும் கடத்தும். வளைத்தால்தான் தெரியும்.

1910-இல் நியூயார்க் மாநிலத்தின் ட்ராய் நகரில் ரென்ஸலர் பாலிடெக்னிக்கில் இருந்த மாத்யூ ஹண்டர்தான் 99.9 சதவீதம் தூய்மையான டைட்டானியத்தை முதலில் எடுத்தார். டைட்டானியம் டெட்ராகுளோரைடையும் சோடியத்தையும் கெட்டியான எஃகுக் கலத்துக்குள் அடைத்துச் சூடாக்கினார். காற்றே கூடாது என்பதுதான் விஷயம். அவர் அதைத் தேடியதற்குக் காரணம் மின்விளக்கு. டைட்டானியத்தின் உருகுநிலை எக்கச்சக்கமாக இருக்கும், பல்புக்குள் இழையாகப் போடலாம் என்று ஜெனரல் எலக்ட்ரிக் நம்பியது. அது 1,668 டிகிரியிலேயே உருகிவிடும். டங்ஸ்டன் ஜெயித்தது.

இங்கே ஒரு சின்ன விலகல். அதே சமயத்தில், 1909-இல், ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றுநாரில் ஒட்டியிருந்த மணலின் தடம் பிடித்து மணவாளக்குறிச்சிக்கு வந்து சேர்ந்தார். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரை. அவருக்கு வேண்டியது மோனசைட். அதிலிருந்து எடுக்கும் தோரியத்தில்தான் கேஸ் விளக்குகளின் மேன்டில் செய்தார்கள். கூடவே அங்கே குவிந்திருந்த கருமணல், அதாவது டைட்டானியம் அடங்கிய இல்மனைட், அப்போது யாருக்கும் பெரிதாகத் தேவைப்படவில்லை. 1920-களில் அதை வெள்ளைப் பெயின்ட்டுக்காக உலகமே வாங்க ஆரம்பித்தது. பெயின்ட்டில் போவதும் டைட்டானியம் டை ஆக்ஸைடுதான். எங்கள் உலைத் தரையில் நாங்கள் பொறுக்கியதும் அதுவேதான். உலகில் தோண்டியெடுக்கும் டைட்டானியத் தாதுவில் மிகப் பெரும்பகுதி இன்றும் உலோகமாவதே இல்லை, வெள்ளை நிறமாகத்தான் போகிறது. ஆக்ஸிஜனிடமிருந்து பிரிக்க அவ்வளவு செலவு.

அந்தச் செலவைத் தாங்கக்கூடியதாக்கியவர் வில்ஹெல்ம் க்ரோல். லக்ஸம்பர்க்கில் தன் வீட்டிலேயே ஆய்வுக்கூடம் வைத்திருந்தவர். சோடியத்துக்குப் பதில் மெக்னீஷியம், காற்றுக்குப் பதில் ஆர்கான் வாயு. 1938-இல் தான் செய்த கம்பிகளையும் தகடுகளையும் பெட்டியில் எடுத்துக்கொண்டு அமெரிக்கா போய்ப் பல நிறுவனங்களுக்குக் காட்டினார். ஒருத்தரும் மசியவில்லை. 1940-இல் ஹிட்லரின் படை வருவதற்குச் சற்றுமுன் நிரந்தரமாகவே அங்கே குடிபெயர்ந்தார். போர் வந்ததும் அவரது காப்புரிமையை எதிரிநாட்டுச் சொத்து என்று அமெரிக்க அரசு எடுத்துக்கொண்டது. அதை மீட்க வழக்காட வேண்டியிருந்தது. போர் முடிந்து ஜெட் விமானங்களின் காலம் பிறந்தபோது அதே அரசுக்கு அவர் முறை தேவைப்பட்டது. 1948-இல் டூபான்ட் வணிக உற்பத்தியைத் தொடங்கியது. பதினைந்து வருடத்தில் மின்னாற்பகுப்பு முறை வந்து தன் முறையை ஓரங்கட்டிவிடும் என்று க்ரோலே சொன்னாராம். இன்றுவரை உலகம் அவர் முறையில்தான் டைட்டானியம் செய்கிறது, கேரளத்தின் சவறா ஆலை உட்பட.

சரி, உலோகம் கிடைத்துவிட்டது. இரும்பைவிடக் கிட்டத்தட்ட பாதி எடை, எஃகுக்கு இணையான பலம், கடல்நீரில் போட்டாலும் துருப்பிடிக்காது. ஏன் துருப்பிடிக்காது? இங்கேதான் கதையின் முடிச்சு இருக்கிறது. டைட்டானியம் ஆக்ஸிஜனை வெறுப்பதால் அல்ல. வெறித்தனமாக விரும்புவதால். காற்றுப் பட்ட நொடியிலேயே மேற்பரப்பில் சில நானோமீட்டர் தடிமனுக்கு ஒரு ஆக்ஸைடுத் தோல் உருவாகிவிடும். கீறினால் மறுபடி உருவாகும். அந்தத் தோல்தான் காவல். கொஞ்சம் சூடாக்கினால் தோல் தடிக்கும், ஒளி அதில் விளையாடும். முதலில் பொன்னிறம், பிறகு ஊதா, பிறகு நீலம். பைக் சைலன்ஸர்களில் பார்த்திருப்பீர்கள். (பாதிக்கு மேல் டைட்டானியமே இல்லை, எஃகுக்குப் பூசிய நிறம். அது வேறு கதை.)

தோல் எப்போது காக்கும், எப்போது காக்காது என்பதற்கு 1923-இல் பில்லிங், பெட்வொர்த் என்ற இருவர் ஒரு எளிய விதியைச் சொன்னார்கள். உலோகம் ஆக்ஸைடாக மாறும்போது கொள்ளளவு எவ்வளவு மாறுகிறது? ஆக்ஸைடு சிறுத்துப்போனால் போதாத போர்வை மாதிரி உலோகத்தை மூடாது. ரொம்ப ஊதிப்போனால் நெருக்கடியில் வெடித்து உரியும். இடைப்பட்ட விகிதம் இருந்தால் ஒட்டி நிற்கும். அப்படி ஒட்டி நின்றால், ஆக்ஸிஜன் அதை ஊடுருவித்தான் உள்ளே வரவேண்டும். சுவர் தடிக்கத் தடிக்க வரவு குறையும். பத்து வருடம் கழித்து கார்ல் வாக்னர் இதற்கு முழுக் கணிதமும் போட்டார். அயனிகள் ஆக்ஸைடுக்குள் எப்படி நகர்கின்றன என்று அவர் எழுதியதை வைத்துத்தான் இன்றும் இந்தத் துறை ஓடுகிறது.

பில்லிங்-பெட்வொர்த் விதிப்படி டைட்டானியத்தின் எண் சுமார் 1.7. தாராளமாகப் பாஸ். ஆனாலும் 600 டிகிரியைத் தாண்டினால் தோற்றுவிடுகிறது. காரணம் இரண்டு. ஒன்று, ரூட்டைல் என்ற அந்த ஆக்ஸைடின் அணிக்கட்டமைப்பில் ஆக்ஸிஜன் இருக்க வேண்டிய இடங்கள் நிறைய காலியாக இருக்கும். சூடு ஏற ஏற அந்தக் காலி இடங்கள் வழியே ஆக்ஸிஜன் தாவித் தாவி உள்ளே வரும். இது பரவாயில்லை, பல உலோகங்களுக்கு இருப்பதுதான். இரண்டாவதுதான் டைட்டானியத்துக்கே உரிய சாபம். அலுமினியத்தை எடுத்துக்கொண்டால், ஆக்ஸைடுக்குக் கீழே இருக்கும் உலோகத்தில் ஆக்ஸிஜன் கரையவே கரையாது. சுவர் இருக்கிறது, சுவருக்குப் பின்னால் வீடு பத்திரமாக இருக்கிறது. டைட்டானியத்தில் சுவர் என்பது ஒரு இடைநிலையம் மட்டுமே. ஆக்ஸிஜன் அங்கே நின்று மேலும் உள்ளே போகும். அணுக்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளிகளில் உட்கார்ந்துகொள்ளும். நூறு அணுக்களில் முப்பதுக்கும் மேல் ஆக்ஸிஜனாக இருந்தாலும் அது இன்னும் 'உலோகம்'தான். பளபளக்கும். ஆனால் கண்ணாடி மாதிரி.

இந்த உள்ளடுக்குக்கு ஆல்ஃபா கேஸ் என்று பெயர். டைட்டானியத்தை உருக்கி வார்ப்பவர்கள், பழுக்கக் காய்ச்சி அடிப்பவர்கள் எல்லோருக்கும் இது தினசரித் தலைவலி. அமிலத்தில் கரைத்தோ கடைந்தோ அதை எடுத்துவிட்டுத்தான் பாகத்தை அனுப்ப முடியும். எடுக்காமல் விட்டால், அதிர்வில் அந்தக் கண்ணாடி அடுக்கு முதலில் கீறும். கீறல் அங்கிருந்து நல்ல உலோகத்துக்குள் நடக்கத் தொடங்கும். வரலாற்றில் வொலாஸ்டன் காலத்திலிருந்து எல்லோரையும் ஏமாற்றிய அதே குணம், இப்போது பாகத்தின் மேற்பரப்பிலேயே வந்து உட்கார்ந்துகொண்டது.

இது ஏன் அவ்வளவு முக்கியம்? ஜெட் எஞ்சினின் முன்பாதி கம்ப்ரஸர். சுழலும் பிளேடுகள் காற்றை அடுக்கடுக்காக அமுக்கிப் பின்னுக்குத் தள்ளும். சைக்கிள் பம்பு அடிக்கும்போது அடிப்பகுதி சுடுமே, அதே கதைதான். தீ இன்னும் பற்றவைக்கப்படவில்லை, அதற்குள் அமுக்கத்தாலேயே காற்று பல நூறு டிகிரிக்கு ஏறியிருக்கும். அதிகம் அமுக்கினால் எரிபொருள் மிச்சம். ஆகவே ஒவ்வொரு தலைமுறை எஞ்சினும் முந்தையதைவிட அதிகம் அமுக்குகிறது, கம்ப்ரஸரின் பின்பகுதி இன்னும் சூடாகிறது. முன்பகுதியை டைட்டானியத்தில் செய்யலாம். எந்த அடுக்கில் காற்று டைட்டானியத்தின் எல்லையைத் தாண்டுகிறதோ அங்கிருந்து நிக்கல் கலவைக்கு மாற வேண்டும். நிக்கல் கலவை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு எடை. சுழலும் பாகத்தின் எடை கூடினால் அதைப் பிடித்திருக்கும் தட்டு, தண்டு, பேரிங் எல்லாம் கூட வேண்டும். ஆக, டைட்டானியத்தால் எத்தனை டிகிரி தாங்க முடியும் என்பது விமானத்தின் எடை, விமானத்தின் எரிபொருள்.

அதனால் ஒரு ஓட்டம் தொடங்கியது. 1954-இல் வந்த 6-4 கலவை, அதாவது 6 சதவீத அலுமினியமும் 4 சதவீத வனேடியமும் சேர்த்தது, இன்றும் உலகின் மிகப் பிரபலமான டைட்டானியக் கலவை. அது சுமார் 300 டிகிரிவரை. இரண்டே வருடத்தில் பர்மிங்ஹாம் உலோகவியலாளர்களின் ஐஎம்ஐ 550 கலவை 425-ஐத் தொட்டது. 1961-இல் 450. 1969-இல் ஐஎம்ஐ 685, 520 டிகிரி. 1976-இல் ஐஎம்ஐ 829, 580 டிகிரி. 1984-இல் ஐஎம்ஐ 834, 600 டிகிரி. வருடத்துக்குப் பத்து டிகிரி என்ற கணக்கில் முப்பது வருடத்தில் 300 டிகிரி ஏறியிருக்கிறார்கள். பிராசசர் வேகத்தின் வரைபடத்தைப் பார்த்து வளர்ந்த எனக்கு அந்தக் கோடு ரொம்பப் பரிச்சயமானதாகத் தெரிந்தது. அது எங்கே போய் நிற்கும் என்பதும்தான்.

ஏனெனில் 834-க்குப் பிறகு கோடு படுத்துவிட்டது. 1980-களின் கடைசியில் அமெரிக்காவின் டைமெட் கொண்டுவந்த டிஐ-1100-உம் அதே 600-ஐ ஒட்டித்தான். நாற்பது வருடம் ஆகிறது. கணினியில் உருவகப்படுத்தும் மென்பொருள் வந்துவிட்டது, அணுவையே படமெடுக்கும் நுண்ணோக்கிகள் வந்துவிட்டன. பெரிய எஞ்சின்களில் வழக்கமாகப் புழங்கும் டைட்டானியக் கலவையின் எல்லை இன்னும் அதேதான்.

இந்த ஓட்டத்தில் எனக்குப் பிடித்தது அதில் இருக்கும் பொறி. ஒவ்வொரு வழியாக அடைத்துக்கொண்டே வரும். சூட்டில் டைட்டானியம் மெல்ல இழுபடாமல் இருக்க அலுமினியம் சேர்க்க வேண்டும். அலுமினியம் ஆக்ஸிஜனேற்றத்தையும் கொஞ்சம் குறைக்கும். அப்போ இன்னும் நிறைய சேர்க்க வேண்டியதுதானே? முடியாது. ஒரு அளவைத் தாண்டினால் டைட்டானியமும் அலுமினியமும் மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் தனியே கூடி நொறுங்கும் பொருளாகிவிடும். ரோஸன்பெர்க் இதற்கு ஒரு கணக்கு கொடுத்தார். அலுமினியம், அதோடு தகரத்தில் மூன்றில் ஒரு பங்கு, சிர்கோனியத்தில் ஆறில் ஒரு பங்கு, ஆக்ஸிஜனைப் பத்தால் பெருக்கியது. மொத்தம் ஒன்பதைத் தாண்டக்கூடாது. கவனித்தீர்களா, ஆக்ஸிஜன் அலுமினியத்தைவிடப் பத்து மடங்கு கெடுக்கும். அதாவது நீங்கள் ஆலையில் கவனமாகக் கணக்குப் போட்டு எட்டரையில் நிறுத்திய கலவையின் மேற்பரப்பில், எஞ்சின் ஓட ஓட, காற்று வந்து தன் பங்கைச் சேர்த்து ஒன்பதைத் தாண்டவைத்துவிடும்.

சரி, அலுமினியம்தான் உள்ளே இருக்கிறதே, அது தன் சொந்த ஆக்ஸைடுச் சுவரைக் கட்டக்கூடாதா? அலுமினா உலகின் அருமையான சுவர், நிக்கல் கலவைகள் ஆயிரம் டிகிரியில் அதன் பின்னால்தான் ஒளிந்திருக்கின்றன. கட்டாது. நிக்கலைவிட அலுமினியத்துக்கு ஆக்ஸிஜன் ஆசை பல மடங்கு அதிகம் என்பதால் அங்கே அலுமினியம் முந்திக்கொள்ளும். டைட்டானியத்தின் ஆசையோ கிட்டத்தட்ட அலுமினியத்துக்கு இணை. பந்தியில் இருவரும் ஒன்றாகவே உட்காருவார்கள். வெறும் அலுமினாவுக்குப் பதில் இரண்டும் கலந்த பொத்தல் அடுக்குதான் உருவாகும்.

600-க்குள்ளேயே வாழ்ந்து புகழ்பெற்றது அமெரிக்காவின் பிளாக்பேர்ட் உளவு விமானம். அதன் முன்னோடி ஏ-12, 1962 ஏப்ரலில் முதலில் பறந்தது. ஒலியைப்போல் மூன்று மடங்கு வேகம், உராய்வில் தோலே 250, 300 டிகிரிக்கு ஏறும். உடம்பில் தொண்ணூறு சதவீதத்தை ஒட்டி டைட்டானியம். அதற்கு வேண்டிய டைட்டானியத்தில் பெரும்பங்கை, யாரை உளவு பார்க்கக் கட்டினார்களோ அந்த சோவியத் யூனியனிடமிருந்தே, இடைத்தரகர்கள் வழியாக வாங்கினார்கள் என்று அதில் வேலை செய்த பென் ரிச் எழுதியிருக்கிறார். அவர் சொல்லும் இன்னொரு சம்பவம் எனக்கு முக்கியம். கோடையில் பற்றவைத்த தகடுகள் சீக்கிரம் பழுதாயின, குளிர்காலத்தில் செய்தவை நன்றாக உழைத்தன. கடைசியில் பார்த்தால், பாசி வராமலிருக்கக் கோடையில் பர்பாங்க் நகரக் குடிநீரில் குளோரின் அதிகம் கலந்திருக்கிறார்கள். அந்தத் தண்ணீரில் பாகங்களைக் கழுவியிருக்கிறார்கள். அன்றிலிருந்து காய்ச்சி வடித்த நீர். இந்தக் குளோரினை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மெதுவாக நடக்கும் ஆக்ஸிஜனேற்றத்தின் கதை இது. வேகமாக நடந்தால் அதற்குப் பெயர் தீ. அமுக்கப்பட்ட காற்றில் ஒரு டைட்டானிய பிளேடு உடைந்தோ வளைந்தோ வெளிச்சுவரில் உரசினால், உருகும் முன்பே பற்றிக்கொள்ளும். சில நொடிகளில் எஞ்சினின் கூட்டையே ஓட்டை போட்டுவிடும். நைட்ரஜனில்கூட டைட்டானியம் எரியும் என்பதால் அதை மூச்சுத் திணறவைத்து அணைப்பதும் கஷ்டம். அதனால்தான் கம்ப்ரஸரின் சூடான பகுதிகளில் சுழல்வதும் சுழலாததும் இரண்டுமே டைட்டானியமாக இருந்து உரசிக்கொள்ளாதபடி வடிவமைக்கிறார்கள். பிராட் அண்ட் விட்னி எளிதில் பற்றாத ஒரு கலவையையே உருவாக்கியது. 35 சதவீத வனேடியம், 15 சதவீத குரோமியம். பாதிதான் டைட்டானியம். எஃப்-22 போர்விமானத்தின் எஞ்சினில் அது போனது.

இதெல்லாம் பழைய கதை, இப்போதெல்லாம் எல்லாம் தெரியும் என்று நினைத்தால், 2019 ஏப்ரல் 20 இருக்கிறது. ஸ்பேஸ்எக்ஸின் க்ரூ டிராகன் கலம் கேப் கனாவரலில் தரையில் சோதிக்கப்பட்டபோது வெடித்துச் சிதறியது. உள்ளே ஆள் இல்லை. ஹீலியம் குழாய்க்குள் கசிந்திருந்த கொஞ்சம் நைட்ரஜன் டெட்ராக்ஸைடு, அழுத்தம் ஏறிய நொடியில் ஒரு தோட்டா மாதிரி பாய்ந்து டைட்டானிய வால்வில் மோதியது, வால்வு பற்றிக்கொண்டது என்று நிறுவனம் பிறகு சொன்னது. பல பத்தாண்டுகளாக அந்தத் திரவத்தோடு டைட்டானியத்தை நிம்மதியாகப் பயன்படுத்தி வந்திருந்தார்கள்.

நின்றுபோன கோட்டைச் சுற்றிக்கொண்டு போகவும் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். அலுமினியத்தைப் பயந்து பயந்து ஆறு சதவீதம் போடுவதை விட்டுவிட்டு, அணுக் கணக்கில் பாதிக்குப் பாதி போட்டுவிடுவது. காமா டைட்டானியம் அலுமினைடு. எடை 6-4-ஐவிடக் குறைவு, 750 டிகிரியை ஒட்டித் தாங்கும். ஆனால் அறைவெப்பத்தில் ஒன்றிரண்டு சதவீதம் நீண்டாலே உடைந்துவிடும். விமான எஞ்சினியர்கள் இதை நம்பவே பல வருடம் எடுத்தது. ஜெனரல் எலக்ட்ரிக் 1993-இல் ஒரு எஞ்சினில் ஒரு வரிசை பிளேடுகளை மாட்டி ஓட்டிப் பார்த்தது. 1990-களின் கடைசியில் மிட்சுபிஷி தன் லான்ஸர் எவல்யூஷன் கார் டர்போவில் போட்டது. விமானச் சேவைக்கு வந்தது 2011-இல்தான், ஜிஇஎன்எக்ஸ் எஞ்சினில், டர்பைனின் கடைசி இரண்டு அடுக்குகளில். அந்த எஞ்சின் மாட்டிய 787-இல் பறந்திருந்தால் அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

அதற்கும் மேலே போக விடாமல் தடுப்பது மறுபடியும் ஆக்ஸிஜன்தான். பாதி அலுமினியம் இருந்தும், அது கட்டும் சுவரில் ரூட்டைல் கலந்துவிடுகிறது. நியோபியம் சேர்த்தால் ரூட்டைலின் காலி இடங்கள் குறையும், கொஞ்சம் உதவும். ஆனால் எனக்கு ஆச்சரியம் தந்தது ஜப்பானிலும், ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் டெகேமா ஆய்வகத்திலும் பார்த்த வேறொரு விளைவு. பாகத்தின் மேற்பரப்பில் துளியளவு குளோரினோ ஃப்ளோரினோ இருந்தால், அது அலுமினியத்தை மட்டும் பொறுக்கியெடுத்து, வாயுவாக்கி, நுண்துளைகள் வழியே மேலே தூக்கிவருகிறது. வழியில் ஆக்ஸிஜனைக் கண்டதும் அங்கேயே அலுமினாவாகப் படிகிறது. ஆலசன் திரும்பிப் போய் அடுத்த சுமையைத் தூக்கும். கொஞ்சம் கொஞ்சமாக முழு அலுமினாச் சுவர் எழும்பிவிடும். பர்பாங்க் குழாய்நீரில் பிளாக்பேர்டின் தகடுகளைக் கெடுத்த அதே குளோரின். அளவு அதிகமானால் இங்கேயும் கெடுக்கும்.

இவ்வளவையும் படித்துக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊருக்குப் போயிருந்தபோது, பரணில் அந்த ஜியோமெட்ரி பாக்ஸைத் தேடி எடுத்தேன். உடைந்த காம்பஸ், ஒரு பஸ் பாஸ், அடியில் தகடு. தேய்த்த இடம் பதினைந்து வருடம் கழித்தும் அதே பளபளப்பு. அறைவெப்பத்தில் அதற்கு ஒன்றும் ஆகாது. வீட்டுக்கு எதிரே லேத் பட்டறை வைத்திருப்பவரிடம் வைஸ் கேட்டேன்.

"என்ன தம்பி இது, எவர்சில்வரா?"

"டைட்டானியம் அண்ணே."

பாதித் தகட்டை வைஸில் இறுக்கி, மீதியை ப்ளையரால் பிடித்து மெதுவாக வளைத்தேன். நல்ல டைட்டானியத் தகடு அந்தத் தடிமனில் வாழைமட்டை மாதிரி வளைந்து கொடுக்க வேண்டும். இருபது டிகிரிகூட வளைந்திருக்காது, அந்தப் பளபளப்பின் குறுக்கே மெல்லிய கோடுகள் வரிசையாக விழுந்தன, அதோடு சன்னமாக ஒரு நொறுங்கும் சத்தம். இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். சடக்கென்று இரண்டாகி ஒரு துண்டு பட்டறைக்குள் எங்கோ போய் விழுந்தது.

லேத்காரர் தேடி எடுத்து உடைந்த விளிம்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஓரம் இரண்டு பக்கமும் கண்ணாடி உடைந்த மாதிரி மினுங்கியது. நடுவே மட்டும் மங்கலாக, நார் நாராக, ஒரு கோடு.

"நடுவுலதான் தம்பி இரும்பு மாதிரி இருக்கு" என்றார்.